சீராகப் போகும்போது மட்டும் வெட்டுகிறது: டிபிஎஸ் மாற்றலாமா?

8 ஜூன் 2025, காலை. வள்ளியூரிலிருந்து வந்த கேள்வி

2010 மாடல் பெட்ரோல் கார். நாலுவழிச் சாலையில் 60, 65-இல் காலை அசைக்காமல் போகும்போது வண்டி வெட்டி வெட்டிப் போகிறது. அழுத்தி மிதித்தால் சரியாகிவிடுகிறது. என்ஜின் லைட் எரியவில்லை. பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாயிற்று. இப்போது மெக்கானிக் த்ராட்டில் பொசிஷன் சென்சார் (டிபிஎஸ்: என்ஜினுக்குக் காற்று விடும் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா அண்ணாச்சி?

8 ஜூன், இரவு

மாற்றிவிடுங்கள் தம்பி. இதே நோய் போன வருஷம் என் வண்டிக்கும் வந்தது. சென்சார் மாற்றியதும் வெட்டு நின்றது. (பின்சேர்க்கை: இன்று கேட்டால் இந்த வரியை எழுதமாட்டேன். ஜூலை 3 குறிப்பைப் படித்துவிட்டு முடிவு எடுங்கள்.)

என்னுடையது 2008 மாடல், கேபிள் இழுக்கும் த்ராட்டில். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் காலத்துச் சின்ன பெட்ரோல் கார்களில் இந்தச் சென்சார் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது காற்று. பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு மாதம் நாலு தடவை போகிறவன் நான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தென்காசிக்குப் போகும்போது எதிர்காற்று, வண்டி ஒரு வெட்டுக்கூட வெட்டாது. திரும்பி வரும்போது பாவூர்சத்திரம் தாண்டியதும் ஆரம்பித்துவிடும். அதே ரோடு, அதே 60 கிலோமீட்டர் வேகம். "காத்து பின்னாடி தள்ளுது சார், அதான் அப்படித் தெரியுது" என்றார் ஒருவர். நாலைந்து தடவை போய் வந்த பிறகுதான் பொறி தட்டியது. எதிர்காற்றில் அதே வேகத்துக்குக் கால் கொஞ்சம் ஆழமாக இருக்கும், பின்காற்றில் லேசாக இருக்கும். ஆகவே நோய் வேகத்தில் இல்லை, கால் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

பாபநாசத்திலிருந்து சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஏறும்போது செகண்ட் கியரில் முழுக்க மிதித்துப் போனேன். சுத்தமாக ஏறியது. இக்னிஷன் காயிலோ பிளக்கோ சோர்ந்திருந்தால் அந்த ஏற்றத்தில்தான் முதலில் காட்டும். பம்ப் பெட்ரோலைச் சரியாகத் தள்ளவில்லை என்றாலும் அங்கேதான் காட்டும். பாரம் இழுக்கும்போது நன்றாக இருந்து, லேசான காலில் மட்டும் வெட்டினால் டிபிஎஸ் மேல் சந்தேகம் வருவது நியாயம்.

9 ஜூன்

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அப்பா திருநெல்வேலி டவுனில் ரேடியோ பழுது பார்த்தவர். இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட காலம் அது. கடைக்கு வருகிற செட்களில் பாதிக்கு ஒரே புகார்தான்: வால்யூம் திருகும்போது கரகரவென்கிறது. அந்தத் திருகுக்குள் ஒரு கரித்தடம், அதன்மேல் உரசிப்போகும் ஓர் உலோக விரல். வீட்டுக்காரர் தினமும் எந்த இடத்தில் வைத்துக் கேட்பாரோ அந்த இடத்தில் கரி தேய்ந்துபோகும், கரகரப்பும் அங்கேதான் வரும்.

டிபிஎஸ் அதேதான். மூன்று ஒயர். ஒன்றில் ஈசியு (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) 5 வோல்ட் கொடுக்கிறது, ஒன்று எர்த், நடு ஒயர் சிக்னல். கால் எடுத்திருக்கும்போது சிக்னல் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, முழுக்க மிதித்தால் நாலு, நாலரை. நாலுவழிச் சாலையில் மணிக்கணக்காக ஒரே இடத்தில் காலை வைத்திருந்தால் தடமும் அந்த இடத்தில்தான் தேயும். விரல் அந்தப் பள்ளத்தில் தொடர்பு விட்டதும் சிக்னல் ஒரு நொடியின் சிறு பங்குக்கு விழும். டிரைவர் காலை எடுத்துவிட்டார் என்று நினைத்து ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். அடுத்த கணம் சிக்னல் திரும்பும், பெட்ரோலும் திரும்பும். நமக்கு அது வெட்டாகத் தெரிகிறது.

11 ஜூன்

அளக்கும் முறையை விரிவாக எழுதச் சொல்கிறார்கள்.

என் வண்டியில் ஸ்கேனர் செருகும் 16 முள் சாக்கெட் இருக்கிறது. ஈசியுவின் எண்களை போனில் காட்டும் இஎல்எம் 327 ப்ளூடூத் டப்பாவைச் செருகினேன், வண்டி அதனோடு பேசவே இல்லை. 2013-க்குப் பிந்தைய வண்டி என்றால் அநேகமாகப் பேசும். பேசினால் அதில் த்ராட்டில் சதவீதம் பார்க்கலாம். கால் எடுத்த நிலையில் 12, 13 சதவீதம் காட்டினால் பயப்படவேண்டாம். 5 வோல்ட்டில் 0.62 வோல்ட் என்பது 12 சதவீதம்தான், பூஜ்யம் காட்டவேண்டியதில்லை.

பேசாத வண்டிக்கு மீட்டர்தான் வழி. டிஜிட்டல் மீட்டர் நிதானமாக எண்ணிக் காட்டும், நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண் மாறும். அதற்குள் வந்துபோகிற வெட்டை அது தவறவிட்டுவிடும். முள் மீட்டர் வேண்டும். அப்பாவின் பழைய முள் மீட்டரை பரணிலிருந்து இறக்கினேன், பேட்டரி மட்டும் மாற்றவேண்டியிருந்தது.

சாவியை ஆன் செய்யுங்கள், என்ஜினை ஓட்டவேண்டாம். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பு முனையில் ஒரு குண்டூசியைக் கட்டி சிக்னல் ஒயரின் மேல்தோலில் குத்துங்கள். மீட்டர் 10 வோல்ட் ரேஞ்சில் இருக்கட்டும். இன்னொருவரை உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள், எறும்பு ஊர்கிற மாதிரி. முள் வழுக்கிக்கொண்டு ஏறவேண்டும். எங்காவது பொசுக்கென்று விழுந்து எழுந்தால் அதுதான் இடம். என் வண்டியில் ஒன்றேகால் வோல்ட்டில் விழுந்தது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அதே இடம்.

அதற்கு முன்னால், ஒயர்கள் சென்சாரில் சேரும் கப்ளரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்து இரண்டு ஓர முனைகளுக்கு நடுவே அளந்தேன். சரியாக 5.00 வோல்ட். எனவே ஒயரிங் நல்ல நிலையில் இருக்கிறது, சென்சார்தான் போயிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

11 ஜூன், இரவு

ஒரு திருத்தம். ஒயரின் மேல்தோலில் குத்தவேண்டாம். குத்திய துளை வழியாக ஈரம் இறங்கும், ஆறு மாதத்தில் உள்ளே செம்பு பச்சை பிடித்துவிடும். கப்ளரின் பின்பக்கம் ஒயர் நுழைகிற இடத்தில், ரப்பரை ஒட்டிக் குண்டூசியை உள்ளே விட்டால் முனையைத் தொடும். அப்படித்தான் செய்யவேண்டும். நான் குத்திய இடத்தில் இப்போது ஸ்லீவ் போட்டு மூடியிருக்கிறேன்.

டெஸ்ட் லாம்ப்பை இந்த ஒயர்களில் யாரும் வைக்காதீர்கள். பல்பு இழுக்கிற கரண்ட்டை ஈசியுவின் 5 வோல்ட் தாங்காது. மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து சாவி ஆனில் தொடுவதும் கூடாது.

12 ஜூன்

முள் மீட்டரே கொஞ்சம் கரண்ட் இழுக்கும், சிக்னலைக் குறைத்துக் காட்டும் என்று ஒருவர் எழுதியது உண்மை. மலிவான மீட்டரில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதனால் முள்ளை எண்ணுக்காகப் பார்க்காதீர்கள், அசைவுக்காகப் பாருங்கள். எண் வேண்டுமென்றால் டிஜிட்டல்.

15 ஜூன்

மேலப்பாளையத்திலிருந்து ஒருவர்: "ஐட்லிங் (கால் எடுத்த நிலையில் என்ஜின் ஓடும் வேகம்) இறங்கிப்போயிற்று, மெக்கானிக் த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிட்டார், அதன்பிறகு ஏறி ஏறி இறங்குகிறது."

அந்த ஸ்க்ரூவை யாரையும் தொடவிடாதீர்கள். அதன் தலையில் பெயின்ட் வைத்து மூடியிருப்பது காரணத்தோடுதான். த்ராட்டில் தகடு மூடியிருக்கும்போது எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்த ஸ்க்ரூ தீர்மானிக்கிறது. அதைத் திருகினால் டிபிஎஸ்ஸின் மூடிய நிலை வோல்ட்டும் சேர்ந்து ஏறும். ஈசியு, கால் மிதித்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஐட்லிங்கைக் கவனிக்கிற வேலையை விட்டுவிடும். ஐட்லிங் இறங்கியதற்குக் காரணம் அநேகமாகத் தகட்டைச் சுற்றிப் படிந்த கார்பன். அதைத் துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்கவேண்டும். நேராக ஸ்ப்ரே அடித்தால் தண்டு வழியாக டிபிஎஸ்ஸுக்குள் இறங்கி உள்ளிருக்கும் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடும். நல்ல சென்சாரும் அதனால் கெட்டுப்போகும்.

22 ஜூன்

வள்ளியூர் தம்பி கப்ளரைக் கழற்றி அளந்திருக்கிறார்: 5.00 வோல்ட். அப்படியென்றால் ஒயரிங் சரி. சென்சாரை வாங்கிவிடலாம்.

29 ஜூன்

தம்பி, வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள்.

நேற்று குடும்பத்தோடு குற்றாலம் போனோம். சாரல் நன்றாக இருந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு, ஈரத்துணி மூட்டையோடு கிளம்பினோம். ஆலங்குளம் வரும்போதே ஐட்லிங் ஒரு மாதிரியாக இருந்தது. வண்ணார்பேட்டை சிக்னலில் நிறுத்தினால் ஆர்பிஎம் முள் 1500-இல் நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. வழக்கமாக 800, 850-இல் இருக்கும். வருகிற வழியில் இறக்கத்தில் காலை எடுத்தாலும் வண்டி பிடிக்கவில்லை, தள்ளிக்கொண்டே போனது.

டிபிஎஸ் போன ஆகஸ்டில்தான் மாற்றியது. முன்பு சொன்ன அந்த வெட்டு இன்றுவரை திரும்ப வரவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த ஐட்லிங் தொல்லை மழை நாட்களில் லேசாக அப்போதிருந்தே இருந்திருக்கிறது. புது சென்சார்தானே என்று நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் ஐட்லிங் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தார், அடுத்த வெயிலில் சரியானது. சுத்தம் செய்ததால்தான் சரியானது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

இன்று காலை மீட்டரை வைத்தேன். மூடிய நிலையில் சிக்னல் 0.95 வோல்ட். மாற்றிய அன்று 0.62 என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். முள் மீட்டரில் மெதுவாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது, விழவே இல்லை. கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் 5.00. புது சென்சார் எப்படி ஒரு வருஷத்துக்குள் மூன்றில் ஒரு வோல்ட் ஏறும்?

3 ஜூலை

பேட்டையில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். ஆட்டோ எலக்ட்ரீசியனாக நாற்பது வருஷம் இருந்து ஓய்ந்தவர். நேற்று சாயங்காலம் டைரியோடு அவர் வீட்டுக்குப் போனேன். நான் எல்லா எண்ணையும் வாசித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரே கேள்வி: "கப்ளரைக் கழத்திப் போட்டுப் பாத்தீரா, மாட்டி வச்சுப் பாத்தீராவே?"

கழற்றித்தான் என்றேன்.

"கழத்திட்டா கரண்டே ஓடாதே. ஓடாத கரண்டு எங்க தடுமாறும்?"

ஜூன் 11-இலும் 22-இலும் நான் எழுதியது தவறு. 5.00 வோல்ட் வந்ததால் ஒயரிங் சரி என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் பாதி அடைத்திருந்தாலும், திறப்பை மூடி வைத்திருக்கும்வரை கடைசிவரை அழுத்தம் முழுசாக இருக்கும். திறந்து தண்ணீர் ஓடினால்தான் அடைப்பு தெரியும். அதேபோல ஒயரில் எங்காவது பாதி இணைப்பு விட்டிருந்தாலும், சென்சாரைக் கழற்றி வைத்திருக்கும்போது மீட்டர் 5 வோல்ட்டை அப்படியே காட்டும். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை, அதற்கு அந்தப் பாதி இணைப்பு போதும்.

கப்ளரை மாட்டி, சாவியை ஆனில் வைத்து, பின்பக்கத்திலிருந்து குண்டூசியால் தொட்டு அளக்கவேண்டும். முதலில் அளக்கவேண்டியது சிக்னலும் இல்லை, 5 வோல்ட்டும் இல்லை, எர்த். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை சென்சாரின் எர்த் ஒயரில், டிஜிட்டல் மீட்டர் 2 வோல்ட் ரேஞ்சில். பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். 0.05 வரை மன்னிக்கலாம்.

இன்று காலை என் வண்டியில் 0.38.

என்ஜின் லைட் ஏன் எரியவில்லை என்பதும் இப்போது புரிகிறது. சிக்னல் மிகவும் கீழே போனால் பி 0122, மிகவும் மேலே போனால் பி 0123 என்று எரர் கோட் ஈசியுவில் பதிவாகும். 0.95 என்பது இரண்டுக்கும் நடுவில், முற்றிலும் நியாயமான எண். யாரோ காலை லேசாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் ஈசியு புரிந்துகொள்ளும். லைட் எரியவில்லை, ஆகவே சென்சார் பக்கம் நல்லது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

6 ஜூலை

கண்டுபிடித்தாயிற்று.

பேட்டரி நெகட்டிவுக்கும் ஈசியுவின் எர்த் முனைக்கும் நடுவே அளந்தேன்: 0.01. அங்கே குறையில்லை. ஆகவே அந்த 0.38 தொலைவது ஈசியுவுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஓடும் ஒரே ஒயரில். கறுப்பில் பச்சைக் கோடு போட்ட ஒயர். ஈசியு, முன்சீட்டில் டிரைவருக்கு இடப்பக்கம் உட்காருபவரின் கால்மாட்டில் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, டேப்பை உரித்துக்கொண்டே போனேன். கம்பெனியில் போட்ட ஓர் இணைப்பு தரையை ஒட்டிப் படுத்திருந்தது. டேப்பைப் பிரித்ததும் பச்சைப் பொடி கொட்டியது. களிம்பு. பூஜை செம்பைப் பத்து நாள் துலக்காமல் விட்டால் வருமே, அதே களிம்பு. பத்திருபது இழைகளில் இரண்டோ மூன்றோதான் பிடித்துக்கொண்டிருந்தன.

பார்த்ததுமே எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18. அன்று இந்த வண்டி வண்ணார்பேட்டையில் அக்கா வீட்டு வாசலில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரையை விட்டு ஊருக்குள் வந்தது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீருக்குள் இருந்தது. அக்கா குடும்பத்தை மாடிக்கு ஏற்றினோம், பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தோம். வண்டியை யார் நினைத்தார்கள். சீட் வரை தண்ணீர் நின்ற கோடு அடுத்த வாரம்தான் கண்ணில் பட்டது. பிறகு ஆயில் மாற்றி, சீட்டைக் கழற்றி வெயிலில் காயவைத்து, ஓட ஆரம்பித்ததும் பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டோம். டேப்புக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் மட்டும் காயவே இல்லை. ஒன்றரை வருஷமாக உள்ளே இருந்து செம்பைத் தின்றிருக்கிறது.

குற்றாலமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஈரத்துணி மூட்டையை எப்போதும் அந்தக் கால்மாட்டில்தான் வைப்போம். மூட்டை சொட்டும், கார்ப்பெட் நனையும், இணைப்பு நனையும், ஐட்லிங் ஏறும். மழை நாளில் குடை வைக்கிற இடமும் அதுதான்.

கறுத்த பகுதியை மூன்று அங்குலம் வெட்டி எறிந்து, பளபளக்கிற செம்பு வரும்வரை தோலை உரித்து, புது ஒயர் சேர்த்து சோல்டர் வைத்தேன். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஸ்லீவ் போட்டு, தரையிலிருந்து ஒரு முழம் மேலே தூக்கிக் கட்டினேன். பேட்டரியைப் பத்து நிமிஷம் கழற்றி மாட்டியதில் ஈசியு பழைய கணக்கை மறந்தது. எர்த் இப்போது 0.01. சிக்னல் 0.63. ஐட்லிங் 820.

அந்த வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் ஏரல், ஸ்ரீவைகுண்டம், எங்கே நின்றிருந்தாலும் சரி. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மீட்டர் இருந்தால் எர்த்தை அளந்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்த வண்டிகள் பலவற்றில் இப்போதும் யாராவது ஒரு சென்சாரை மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

7 ஜூலை

கணக்கு ஒத்துவருகிறதா என்று இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சென்சாரின் இரண்டு ஓர முனைகளுக்கு நடுவே 4.6 கிலோ ஓம். எர்த்தில் 0.38 வோல்ட் தொலைகிறது என்றால் மிச்சம் 4.62 வோல்ட், அதாவது ஒரு மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 0.38-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 380 ஓம். அந்தக் களிம்பின் தடை அவ்வளவு.

சிக்னலையும் பாருங்கள். நல்ல நாளில் 5-க்கு 0.62. இப்போது 4.62-க்கு அதே விகிதத்தில் 0.57, அதோடு அடியில் ஏறி நிற்கும் 0.38. கூட்டினால் 0.95. ஜூன் 29-இல் மீட்டர் காட்டிய அதே எண். தாளில் வந்ததும் எழுந்து போய் அம்மாவிடம் காட்டினேன். அவர்களுக்கு வோல்ட் தெரியாது, ஆனாலும் சந்தோஷப்பட்டார்கள்.

9 ஜூலை

எலுமிச்சையும் புளியும் வைத்துக் களிம்பை எடுக்கலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். செம்புக்கும் பித்தளைக்கும் சரி, கழுவிவிடுகிறோம். கப்ளருக்குள் போன புளிப்பைக் கழுவி எடுக்கமுடியாது, அதுவே மறுபடியும் தின்னும். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. முனை மட்டும் பச்சையாக இருந்தால் அது போதும். ஒயருக்குள் ஏறியிருந்தால் வெட்டத்தான் வேண்டும்.

13 ஜூலை

வள்ளியூர் தம்பி இந்தத் தடவை கப்ளரை மாட்டி அளந்து அனுப்பியிருக்கிறார். எர்த் 0.01. ஓடும்போது 5 வோல்ட் ஒயரில் 4.98. மூடிய நிலை 0.58. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் முள் மீட்டர் இரவல் வாங்கி மெதுவாக அழுத்தியதில், 1.1 வோல்ட் பக்கத்தில் முள் அடிவரை விழுந்து எழுந்திருக்கிறது. ஐந்து தடவையும் அங்கேயே.

அவர் வண்டியில் ஒயரிங்கில் குறையில்லை. சென்சார்தான். அவர் மெக்கானிக் முதல் நாளே சொன்னது சரி, அதை இங்கே பதிவு செய்யவேண்டும். மீட்டர் வைக்காமல் சொன்னார் என்பதைத் தவிர அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

மாற்றும்போது ஒன்று தம்பி. சில சென்சார்களில் ஸ்க்ரூ துளை நீளவாக்கில் இருக்கும், கொஞ்சம் திருப்பி வைக்கலாம். உங்களுடையது அப்படி என்றால் கழற்றும் முன் சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் சேர்த்து ஓர் ஊசிக்கோடு இழுத்துவிடுங்கள். புதியதை மாட்டி 0.58 வருகிற மாதிரி திருப்பி இறுக்குங்கள்.

16 ஜூலை

பழைய வண்டி உடைக்கிற கடையில் த்ராட்டில் பாடியோடு சேர்த்து வாங்கலாமா என்று கேள்வி. காயலாங்கடைச் சென்சாரை நான் வாங்கமாட்டேன். தேய்கிற பொருள் அது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் தேய்ந்த தடத்தைக் காசு கொடுத்து வாங்கி வருவானேன். த்ராட்டில் பாடி மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

புது வண்டிகளில் கேபிளே கிடையாது, மோட்டார்தான் தகட்டைத் திறக்கிறது என்று ஒருவர் நினைவூட்டினார். ஆமாம். அதில் இரண்டு சிக்னல்கள் இருக்கும், ஒன்றை ஒன்று சரிபார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பி 2135 என்ற எரர் கோட் விழுந்து வண்டி மெதுவாகத்தான் போகும். அந்த வண்டிகளில் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டைக் கையால் திறந்து பார்க்காதீர்கள். மோட்டார் சட்டென்று மூடினால் விரல் போய்விடும்.

20 ஜூலை

ஒரு சந்தேகம் என்னைத் தூங்கவிடவில்லை. போன ஆகஸ்டில் நான் மாற்றிய பழைய சென்சார் உண்மையிலேயே கெட்டதுதானா? அப்போதும் களிம்பு இருந்திருக்குமே. நல்ல சென்சாரைக் குறை சொல்லிவிட்டேனோ?

அதை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மூன்று டார்ச் செல்லை வரிசையாகக் கட்டினால் நாலரை வோல்ட். அதை இரண்டு ஓர முனைகளில் கொடுத்து, நடு முனையில் அப்பாவின் மீட்டரை வைத்து, தண்டைக் கையால் மெதுவாகத் திருப்பினேன். முள் ஏறியது, ஏறியது, ஒரு வோல்ட் தாண்டியதும் பொத்தென்று விழுந்தது. பின்பக்கமாகத் திருப்பினாலும் அங்கேயே விழுந்தது. நாலரைக்கு அது நின்ற இடத்தை ஐந்துக்கு மாற்றிப் பார்த்தால் அந்த ஒன்றேகால்தான் வருகிறது.

ஆக இரண்டு நோய்கள். தேய்ந்த தடம் வெட்டைக் கொடுத்தது, களிம்பு ஐட்லிங்கை ஏற்றியது. முதலாவதைச் சரிசெய்து வெட்டு நின்றதும், ஒரு வண்டிக்கு ஒரு நோய்தான் என்று நான் மீட்டரை உள்ளே வைத்துவிட்டேன். மழை நாளில் ஐட்லிங் முதல் தடவை ஏறியபோதே எர்த்தை அளந்திருந்தால் இவ்வளவு நாள் மிச்சமாகியிருக்கும்.

2 ஆகஸ்ட்

தம்பி புது சென்சார் போட்டுவிட்டார். மூடிய நிலை 0.60. பணகுடி, காவல்கிணறு வரை ஆரல்வாய்மொழிக் காற்றில் போய்த் திரும்பியிருக்கிறார், இரு திசையிலும் வெட்டு இல்லை. எர்த் எண்ணை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு அதில்தான் அதிக மகிழ்ச்சி.

16 நவம்பர்

மழை பிடித்துக்கொண்டது. நேற்று கொட்டுகிற மழையில் பாபநாசம் வரை போய் வந்தேன். ஈரக் குடை வேண்டுமென்றே அதே கால்மாட்டில். இன்று காலை கப்ளரை மாட்டிய நிலையில் எர்த் 0.01, மூடிய நிலை 0.63, ஐட்லிங் 830. பேட்டை அண்ணாச்சிக்கு போனில் படித்துக் காட்டினேன். "சரி, மீட்டரை நனையாம வையும்" என்றார்.